இஸ்தோப்பும் தமிழ்தான் ஐயா

அந்தப் பேச்சுப் போட்டி வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாகப் பொறுத்திருந்தேன். நேற்று இரவு அதற்குக் கீழே நம்ம பிள்ளைகளே ரெண்டு பேர் "நடுவர் சொன்னது சரிதானே" என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். 12, 13 வயதுப் பிள்ளை. தன் அப்பாயியைப் பற்றிப் பேசுகிறாள். "நனைஞ்ச படங்கைக் கழட்டிப் போட்டுட்டு, எங்க லயத்து இஸ்தோப்புல ஒக்காந்து அப்பாயி அடுப்பு ஊதும்" என்கிறாள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அவள் சொன்ன அந்த ஒரு வரியிலேயே எனக்குப் புகை வாசம் வந்துவிட்டது. நடுவர் மைக்கை வாங்கி, இது தோட்டத்துக் கொச்சை, இஸ்தோப்பு என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது, மேடையில் நல்ல தமிழ் பேசப் பழகணும் என்கிறார். மண்டபம் சிரிக்கிறது. பிள்ளை கையிலிருந்த தாளை மடிக்கிறாள். இன்னொரு தரம் மடிக்கிறாள். விரல் அளவுக்கு வரும்வரை மடித்துக்கொண்டே நிற்கிறாள்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாங்கள் பேசுகிற தோட்டத்துத் தமிழ் கொச்சை இல்லை. இதைத்தான் சொல்ல வந்தேன், இந்தப் பதிவு முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த இஸ்தோப்பு. வீட்டுக்கு முன்னால் இருக்கிற படியை, திண்ணையை ஒல்லாந்தர் தங்கள் மொழியில் 'ஸ்தூப்' என்பார்கள். 1658இலிருந்து 1796 வரை இந்த நாட்டின் கரையோரம் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள், சொல் தங்கிவிட்டது. சிங்களத்தில் அது இஸ்தோப்புவ. நம்மிடம் இஸ்தோப்பு. நியூயோர்க்கில் வீட்டு வாசற்படியை 'ஸ்டூப்' என்கிறார்களே, அதுவும் இதே ஒல்லாந்தச் சொல்தான். இப்போது அந்தச் சொல் நம் வாயில் என்ன ஆனது என்று பாருங்கள். தமிழில் ஒரு சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, அதனால் முன்னால் ஒரு 'இ' வந்து உட்கார்ந்தது. வல்லின மெய்யில் முடியாது, அதனால் கடைசியில் ஒரு 'உ' வந்தது. பள்ளிக்கூடப் படியே மிதிக்காத என் பூட்டன் பூட்டிமார் இலக்கண விதி ஒன்றும் தப்பாமல் அந்நியச் சொல்லைத் தமிழாக்கியிருக்கிறார்கள். இதைக் கொச்சை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

அலமாரி, சாவி, மேசை, யன்னல், சப்பாத்து, துவாய், பாண் எல்லாம் போர்த்துக்கீசரிடமிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்தார் சொல்கிற குசினியும் அப்படித்தான். அந்தச் சொற்களை எந்த மேடையிலும் யாரும் திருத்துவதில்லை, திருத்தவும் வேண்டாம். பட்டணத்து வீட்டுக்குள் நுழைந்த அந்நியச் சொல் தமிழாகிவிடுகிறது, லயத்துக்குள் நுழைந்தது மட்டும் கொச்சையாகிவிடுகிறது. இந்த வித்தியாசம் சொல்லில் இல்லை, ஐயா. சொல்லுகிற ஆளைப் பார்த்து வருகிறது.

நான் மொழியியல் பேராசிரியன் இல்லை. தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன். பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் மொழியியல் பாடம் எடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வருடம் இல்லாவிட்டால் இன்றைக்கு நானும் அந்த மண்டபத்தில் சேர்ந்து சிரித்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. ஏனென்றால் முதல் வருடம் விடுதியில் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். "அங்கிட்டுப் போவோமா" என்று கேட்டேன். ஒருவன் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தான், அப்புறம் ஒரு தவணை முழுக்க எனக்குப் பெயரே அங்கிட்டு. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் தடவிப் பார்த்துத்தான் பேசினேன். வீட்டுக்கு வந்தால் அம்மாவிடமும் அப்படியே பேசினேன். "ஏன்டா சாமி, யாரோ மாதிரிப் பேசுற" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பல வருடம் கழித்துப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் கொய்யாப்பழக் கூடையோடு ஒரு கிழவி. வழி கேட்டேன். "வெள்ளனவே கெளம்பிருக்கணும்யா, இனி அங்கிட்டுப் போற பஸ்ஸு சாயங்காலந்தான்" என்றார். வெள்ளன. அங்கிட்டு. என் அப்பாயி உயிரோடு எழுந்து வந்து பேசின மாதிரி இருந்தது. கொய்யாப்பழத்தை வாங்கிக்கொண்டு ஒரு மரத்தடியில் போய் நின்று அழுதேன். நாங்கள் எந்த ஊர் என்று எங்களிடம் ஒரு உறுதியும் இல்லை, பத்திரமும் இல்லை. நாக்கில் மட்டும் இருந்தது.

திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி என்று வேறு வேறு சீமையிலிருந்து ஆட்களை வெள்ளைக்காரர்கள் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்து ஒரே லயத்தில் அடைத்தார்கள். எட்டுக் காம்பரா, அதாவது எட்டு அறை, என்றால் எட்டு ஊர்ப் பேச்சு. பெரியவர்கள் அவரவர் ஊர்ப் பேச்சையே பேசிச் செத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரே பீலியில் தண்ணி பிடித்து, ஒரே மலையில் கொழுந்தெடுத்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். பீஜித் தீவிலும் இதேதான் நடந்தது. 1879க்கும் 1916க்கும் இடையில் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர்களின் பல வட்டாரப் பேச்சுகள் கலந்து பீஜி இந்தி என்று ஒரு தனிப் பேச்சு பிறந்தது. அதை உலகத்து அறிஞர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். கொச்சை என்று அவர்கள் ஒதுக்கவில்லை.

படிக்கிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? பிரான்சில் ஜில்லியெரோன் என்ற அறிஞர் நாட்டுப் பேச்சையெல்லாம் வரைபடமாக்க நினைத்தார். கேள்வித்தாளைக் கொடுத்து எட்மோன் என்ற ஒரு மளிகைக்காரரை அனுப்பினார், காரணம் அவருக்குக் காது நல்ல கூர்மை. 1897இலிருந்து 1901 வரை அந்த மனுஷன் சைக்கிளில் 600க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போய், ஊரார் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்தார். அவர் யாரையும் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அந்த வரைபடமே இல்லை.

லபோவ் என்ற அமெரிக்கர் 1963இல் வெளியிட்ட ஆய்வை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவு, கோடையில் பணக்காரர்கள் வந்து நிறைகிற இடம். 69 பேரின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார். 'ரைட்', 'ஹவுஸ்' மாதிரிச் சொற்களில் வருகிற உயிரொலியைத் தீவின் பழைய குடிகள் ஒரு மாதிரி ஒலிக்கிறார்கள். யாரிடம் அது அழுத்தமாக இருந்தது? கடலை நம்பி வாழ்கிற மீனவர்களிடம், இந்தத் தீவை விட்டுப் போகமாட்டேன் என்று மனசில் முடிவெடுத்தவர்களிடம். தீவை விட்டுப் போகக் கிளம்பியவர்களிடம் அது குறைவு. விடுதியில் நான் 'அங்கிட்டு' என்பதை விழுங்கியபோது என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சரி, இப்போது சிலர் கேட்பீர்கள், அப்போ சாதாரண தரப் பரீட்சையிலும் "ஒக்காந்து" என்றே எழுதச் சொல்லுவியா என்று. இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புணர்ச்சி விதி நான்தான் படிப்பிக்கிறேன், பிழை விட்டால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறவனும் நான்தான். எழுத்துத் தமிழ் எல்லோருக்கும் பொது, அதை எங்கள் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகப் படிக்க வேண்டும். ஆனால் அப்பாயி இருந்த இடத்தைப் பெயர் சொல்லிச் சொல்வது பிழை ஆகாது. முன்றில் என்று சொல்லியிருந்தால் அது வேறு யாரோ வீடு. தொல்காப்பியரே செய்யுளுக்கு ஆகும் சொற்களில் திசைச்சொல்லையும், அதாவது வேற்று வட்டாரத்துச் சொல்லையும், ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். செய்யுளுக்கு ஆகும் என்றால் ஒரு சின்னப் பிள்ளையின் பேச்சுக்கு ஆகாதா?

எங்கள் பேச்சு சிங்களம் கலந்தது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடே, இடம, குலிய என்று சிங்களவர்கள் நாள் முழுக்கச் சொல்வது நம் கடையும் இடமும் கூலியும்தான். பக்கத்தில் வாழ்ந்தால் கொடுக்கல் வாங்கல் இருக்கும்.

நம்ம ஆட்களில் சில தோழர்கள் வேறு மாதிரி வாதாடுகிறார்கள், துரை, கங்காணி, லயம் எல்லாம் அடிமைக்காலத்துச் சொற்கள், தூக்கி எறிய வேண்டும் என்று. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. குதிரை லாயத்திலிருந்துதான் லயம் வந்தது என்று சொல்லி என் அப்பா கண் கலங்குவார். 'லைன்' என்பதுதான் லயன் ஆகி லயம் ஆனது என்பது என் எண்ணம், லயன் என்ற நடுப்படி இன்னும் பத்திரிகைகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. எதுவாக இருந்தாலும், முதலில் அந்தக் காம்பராவை இடித்து வீடு கட்டிக் கொடுங்கள், சொல் தானாகப் போகும். வீடு அப்படியே இருக்கச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் எங்கள் கஷ்டத்துக்குப் பெயர்கூட இருக்காது.

கொச்சை என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. 1948இல் குடியுரிமை இல்லை என்றார்கள். 1964இல் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைக் கூறு போட்டுக்கொண்டன. என் அப்பாயியின் தங்கச்சி அந்தக் கணக்கில் நீலகிரிக்குப் போனவர். இங்கே இருந்தவரை தோட்டக்காட்டாள், அங்கே போனதும் சிலோன்காரி. இரண்டு இடத்திலும் வாயைத் திறந்ததும்தான் கண்டுபிடித்தார்கள். சாகும்வரை எழுதின கடிதத்திலெல்லாம் "இஸ்தோப்புல வச்ச ரோசாச்செடி இருக்கா அக்கா" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். இருக்கிறதா என்று எழுத அப்பாயிக்குத் தெரியாது, நான்தான் எழுதுவேன்.

இந்தக் கிழமையிலிருந்து அம்மா சொல்லச் சொல்லத் தோட்டத்துச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மட்டக்கம்பு, பெரட்டு, கவ்வாத்து, தொங்கல், புள்ளக்காம்பரா, அரைப்பேர். நேற்று மட்டும் நாலு பக்கம் வந்தது.

அந்தப் பிள்ளையின் வீட்டாரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் மடித்து வைத்த அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து உள்பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். திங்கட்கிழமை என் வகுப்பில் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிக்க வேண்டும்.