கூம்புகளுக்கு இடம் உண்டு, பிள்ளைகளுக்கு இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை மாலை இங்கே சிங்கப்பூரில், நம் அடுக்குமாடி புளோக்கின் தெருக் காற்பந்துத் திடலில் நடந்ததைக் காணொளியில் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். தம் பயிற்சி வகுப்புக்காக ஒரு பயிற்சியாளர், அங்கே பந்து உதைத்துக்கொண்டிருந்தவர்களை வெளியேற்றினார்; அதற்குமேல் விவரிக்கப் போவதில்லை. அந்தப் பயிற்சியாளர் பேசியதைவிட, அதன்பின் நம் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு ஆதரவாக வரிசைகட்டி வந்த கட்டைவிரல்கள்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தின. "முறையாகப் பயிற்சி நடக்கும் இடத்தில் கண்டவர்களும் வந்து பந்தை உதைத்தால் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கண்டவர்களோடு உதைத்துத்தான் கற்றுக்கொள்வார்கள், ஐயா. உலகம் முழுவதும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று திடலில் அடுக்கியிருந்த ஆரஞ்சு நிறக் கூம்புகளையே எடுத்துக்கொள்வோம். பந்தைத் திருப்புவது, இழுப்பது, ஏமாற்றுவது என்று ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வீல் கூவர். 1974-இல் ஃபெயனூர்ட் குழுவுக்கு யூஃபா கிண்ணத்தை வென்றுகொடுத்தவர். பெலே போன்ற பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்கள் கால் என்ன செய்கிறது என்று கவனித்தே அவர் தம் பயிற்சிகளை உருவாக்கினார். அந்தப் பெலே எங்கே கற்றார்? பிரேசிலின் பவுரு நகரத்துத் தெருக்களில், காலுறைக்குள் துணியைத் திணித்துக் கட்டிய பந்தில். அதாவது, இன்று மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கப்படும் அசைவுகள், கூம்பையே காணாத பிள்ளைகளின் கால்களைப் பார்த்து எழுதியெடுத்தவை. அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தைத் திடலைவிட்டு விரட்டுகிறோம்.

"பிரேசில் கதை வேண்டாம், ஒழுங்கான நாடுகளைப் பாருங்கள்" என்பீர்கள். பார்ப்போம். ஒழுங்குக்கு ஜெர்மனியைவிட வேறு உதாரணம் வேண்டாமே! ஐரோப்பியக் கிண்ணம் 2000-இல் பிரிவின் கடைசி இடத்தில் வெளியேறிய அவமானத்துக்குப் பிறகு, நாடு முழுவதும் பயிற்சி மையங்களை அமைத்து, 2014-இல் உலகக் கிண்ணத்தையும் வென்றார்கள். அதே ஜெர்மனி, 2024-25 பருவத்திலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்கு என்ன விதித்திருக்கிறது தெரியுமா? மூவருக்கு மூவர், நான்கு குட்டிக் கோல்கள். கோல் விழுந்ததும் இரு பக்கமும் ஆள் மாறுவதால், மாற்று ஆட்டக்காரராக ஓரத்தில் உட்கார்ந்தே மாலை கழியும் பிள்ளை என்று யாரும் இல்லை. எல்லாருக்கும் பந்து கிடைக்க வேண்டும், எல்லாரும் கோல் போட வேண்டும் என்பதுதான் நோக்கம். நார்வேயிலோ, 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியலே கூடாது. நம் ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்கு 'எலீட்' அணி, 'டெவலப்மெண்ட்' அணி என்று இரண்டு நிறச் சட்டை. இரண்டாவது நிறத்தின் பொருள் பெற்றோரைவிடப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

"உங்களுக்குப் பயிற்சியாளர்கள் என்றாலே ஆகாதா" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். என் மகனும் கட்டணம் செலுத்திப் பயிற்சிக்குப் போனவன்தான். தடுப்பாட்டத்தில் உடலை எப்படித் திருப்பி நிற்பது என்பதை அங்கேதான் கற்றான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பருவ முடிவில் வந்த மதிப்பீட்டு அறிக்கையில் "சுயமாக முடிவெடுக்கும் திறன் போதவில்லை" என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் "இடப்பக்கம் கொடு, திரும்பு, பின்னால் ஓடு" என்று மூச்சுவிடாமல் கத்தியவர்கள்தான் இதையும் எழுதினார்கள். முடிவெடுக்க அவனுக்கு எப்போது நேரம் கொடுத்தீர்கள்? கணக்குக்கு டியூஷன், சீனத்துக்கு டியூஷன், இப்போது ஓடியாடுவதற்கும் டியூஷன்.

எண்பதுகளில் தோ பாயோ வட்டாரத்தில் நாங்கள் விளையாடிய, புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் இரண்டு தூண்கள்தாம் கோல் கம்பங்கள். வலப்பக்கம் நெடுகிலும் லோங்காங், அதாவது சாக்கடை, ஓடியது. வலக்காலால் ஓங்கி உதைத்தால் பந்து நேராகச் சாக்கடைக்குள் போகும். யார் உதைத்தாரோ அவரே இறங்கி எடுக்க வேண்டும். எனக்கு இடக்கால் வந்தது அப்படித்தான். எந்தப் பயிற்சியாளரும் கொடுக்கவில்லை. எங்களைவிட மூத்த மலாய் அண்ணன்மார் தோளால் இடித்துத் தள்ளுவார்கள், பிறகு அவர்களே தூக்கிவிடுவார்கள். மலாயில் பந்து கேட்போம், ஹொக்கியன் சீனத்தில் சண்டை போடுவோம், தோற்றால் தமிழில் முணுமுணுப்போம். இன நல்லிணக்கத்துக்கென்று யாரும் எங்களுக்குத் தனியாக வகுப்பு எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் சிங்கப்பூர் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி செய்யும் வித்தைகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதே கீழ்த்தளத்தில் செய்துபார்த்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வோம். நம்மில் ஒருவரான அவர் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவரை போய் ஆடியது அன்று எங்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்றைய பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கடினம்.

சத்தம் என்பார்கள். சத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயிற்சியாளரின் விசில் சத்தத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் புகார் கொடுத்ததாக நான் அறியேன். 2016-இல் குவீன்ஸ்டவுன் மெய்லிங் ஸ்திரீட்டில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடாதபடி இரும்புத் தடுப்புகளையே நட்டார்கள். கீழ்த்தளத்திலிருந்து திடலுக்குப் போகச் சொன்னோம். இப்போது திடலிலிருந்தும் போகச் சொல்கிறோம். அதே நாட்டில்தான் 1998-இல் '2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவோம்' என்று இலக்கு வைத்தோம். அது என்னவாயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். "2025 நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என்று வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லையா" என்பீர்கள். பெற்றோம், நானும் வீடு அதிரக் கத்தினேன். அதற்கும் இந்தத் திடலில் யார் ஆடலாம் என்பதற்கும் என்ன தொடர்பு?

சரி, மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'கண்டவர்கள்' என்று நீங்கள் எழுதியது யாரை என்பது எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு ஒருநாள் ஓய்வில் விடுதியிலிருந்து வருகிற வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர்களை. அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டின் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். மைக்கேல் சூசைராஜ் போன்ற ஆட்டக்காரரை இந்திய அணிக்குக் கொடுத்த கரை அது. அன்று அவர் வெறுங்காலில், பந்தை உள்ளங்காலால் ஒரு சாண் பின்னால் இழுத்து, எதிரே வந்தவர் எடையை முன்னால் போட்டதும் அவர் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் மாடிப் பையன் ஒருவன் ஓரமாகப் போய் அதையே திரும்பத் திரும்பச் செய்துபார்த்தான். ஐந்தாறு முறை பந்து நழுவியது, பிறகு வந்துவிட்டது. கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அடுத்த சில நிமிடங்களில் அந்தப் பையனையும் அவரையும் சேர்த்துத்தான் "இது காற்பந்து இல்லை" என்று சொல்லி வெளியேற்றினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நம் கட்டடங்களைக் கட்டலாம், அவற்றின் கீழே பந்தைத் தொடக்கூடாது. இதையும் தமிழர்களே தமிழில் நியாயப்படுத்தி எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முன்பதிவு செய்தவர்களுக்கு உரிமை உண்டு என்பது சரியான வாதம்தான். நான் அதை எதிர்க்கவில்லை. சனி, ஞாயிறு இரு மாலைகளும் ஒரே நிறுவனத்தின் பெயரில் பதிவாவதைத்தான் எதிர்க்கிறேன். ஞாயிறு ஐந்து மணிக்குமேல் யாருக்கும் பதிவு இல்லாமல் திடலைத் திறந்துவிட வேண்டும் என்று குடியிருப்பாளர் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். கையெழுத்திட விரும்புவோர் உள்பெட்டியில் சொல்லுங்கள். அந்தப் பயிற்சியாளரும் கையெழுத்திடலாம், தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வரலாம். விசிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.