டைனோசரிடம் “நீ ஆற்ற பிள்ளை?” என்று கேட்பது

எங்கட மாங்குளத்தில் புதிதாக ஒரு பெடியன் ஒழுங்கைக்குள் வந்தால், வேலியோடு நிற்கிற ஆச்சிமார் முதலில் கேட்பது “நீ ஆற்ற பிள்ளை?” என்றுதான். பதில் வரமுதலே மூக்கைப் பார்த்து அவையே சொல்லிவிடுவினம். பலமுறை சரி, சிலமுறை படுபிழை. டைனோசர் உறவுமுறையும் 130 வருசமாக இப்படித்தான் ஓடியது, மூக்குக்குப் பதில் இடுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன கிழமை ஊர்க்கோழிக் கறி. இடுப்பெலும்பை மட்டும் தட்டில் ஒதுக்கி வைத்து, கிணற்றடியில் பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவி, யன்னலில் காயவைத்தேன். (“உனக்கு விசரோ” என்று அம்மா கேட்டதை எழுதத் தேவையில்லை.) ஈர்க்குப் போல மெல்லிய ஒரு எலும்பு பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னோக்கிப் போகும், அதுதான் பூப்பெலும்பு. டி-ரெக்ஸில் அது முன்னோக்கி நிற்கும், ட்ரைசெராடொப்ஸில் பின்னோக்கிப் படுத்திருக்கும். 1887இல் ஹரி சீலி இதை வைத்துத்தான் டைனோசர்களைப் பல்லி இடுப்பு, பறவை இடுப்பு என்று இரண்டு குடும்பமாகப் பிரித்தார். வேடிக்கை என்னவென்றால், பறவைகள் வந்தது பல்லி இடுப்புப் பக்கத்திலிருந்து. இடுப்பை மட்டும் பார்த்தால் என் கறிக்கோழி ட்ரைசெராடொப்ஸின் மச்சாள்!

அதனால்தான் இப்போது ஒரு எலும்பை நம்புவதில்லை. 2017இல் மத்தியூ பரனும் இன்னும் இரண்டு பேரும் 74 வகைகளை 457 இயல்புகளில் அட்டவணை போட்டு ஒப்பிட்டு, டி-ரெக்ஸ் கூட்டமும் பறவை இடுப்புக்காரரும்தான் கிட்டின சொந்தம், அதுவரை டி-ரெக்ஸோடு பல்லி இடுப்பில் இருந்த நீள்கழுத்துக்காரர் வேறு கிளை என்றார்கள். அதே வருசம் மக்ஸ் லாங்கர் குழு அதே அட்டவணையின் கட்டங்களைத் திருத்திக் கணினியில் ஓடவிட, பழைய குடும்பப் பிரிவே திரும்பி வந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையில் உறுதியாகத் தீர்ப்புச் சொல்லுமளவுக்கு வித்தியாசம் இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

என் பிடிப்பு அந்தக் கட்டங்களில்தான். “வன்னியில டைனோசர் எலும்பு கிடக்கோ?” என்று கேட்கிறவைக்கு: இல்லை. எங்கட காலடியில் கிடப்பது புவியியலாளர் வன்னித் தொகுதி என்று சொல்கிற, 50 கோடி வருசத்துக்கும் முன்பே வெந்து உருமாறின பாறை. நாங்கள் அறிந்த மிகப் பழைய டைனோசருக்கே 23 கோடி வயதுதான். இலங்கையில் யுராசிக் பாறை என்றால் புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம, அங்கேயும் பேர்போனது இலைச் சுவடுகள். சரி, எலும்பு இல்லாவிட்டால் என்ன, அட்டவணை எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது, அதை ஓடவிட்டு உறவு மரம் வரைகிற டிஎன்டி மென்பொருளும் இலவசம், கரண்ட் நிற்காமல் இருந்தால் போதும்.

ஓடவிட்டுப் பார்த்தால்தான் விளங்கும், கட்டங்களில் இருக்கிற ஒவ்வொரு 0க்கும் 1க்கும் (இயல்பு இல்லை, இருக்கு) பின்னால் ஒரு மனிசரின் கண் இருக்கிறது, அரைகுறையாய் உடைந்த எலும்பில் “இந்த மேடு இருக்கு” என்று ஒருவரும் “இல்லை” என்று இன்னொருவரும் எழுதிவிட, மரத்தின் அடியே மாறிப்போகிறது. பிசானோசாரஸ் என்ற ஆர்ஜென்டீனக்காரரை இவ்வளவு காலமும் பறவை இடுப்புக் கூட்டத்தின் மூத்தவர் என்று வைத்திருந்தார்கள், 2017இல் இரண்டு பேர் அவரை டைனோசருக்கு வெளியிலேயே தள்ளிவிட்டார்கள்.

பரனின் மரத்தில் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. சைபீரியாவின் குலிண்டாட்ரோமியஸ் பறவை இடுப்புக்காரர், ஆனால் உடம்பில் இறகு போன்ற இழைகள். இரண்டு கூட்டமும் சொந்தம் என்றால் இழை ஒருமுறை தோன்றினால் போதும். ஆனால் ஆசைக்காக மரத்தை வளைக்கக்கூடாது, டைனோசரே இல்லாத, பறக்கிற டெரோசர்களுக்கும் இழை இருக்கிறது, அப்படியென்றால் அது இன்னும் பழைய பாட்டனின் சொத்தாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், பாடப்புத்தகத்தில் இரண்டு கிளையையும் புள்ளிக்கோட்டில் போடுங்கோ என்பேன்.

அப்புறம் ஒரு உதவி. ஒப்பிட டைனோசருக்கு வெளிச்சொந்தம் ஒன்று வேணும், உயிரோடு இருப்பதில் முதலைதான் கிட்ட. இரணைமடுப் பக்கம் ஆராவது செத்த முதலையின் எலும்புக்கூட்டைக் கண்டால், தொடாமல் படம் எடுத்து அனுப்புங்கோ. தலை வேண்டாம், இடுப்புப் பக்கம்.