ஆலோசகரை வைத்தவரே ஏன் துரத்துகிறார்?

ஆசை ஆசையாக நியமித்த ஆலோசகரோடு தலைவர் கொஞ்ச நாளிலேயே முட்டிக்கொள்வது ஏன்? "கருத்து வேறுபாடு" என்று பத்திரிகைகள் எழுதிவிட்டுப் போய்விடும். என்னைக் கேட்டால், நியமனக் கடிதத்தை இருவரும் இரண்டு விதமாக வாசிப்பதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது. தன் அறிவைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஆலோசகர் நினைக்கிறார். தலைவருக்கு வேண்டியதோ, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஒரு பேராசிரியரின் கையெழுத்து.

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை, 2021 உரத்தடை ஒன்று போதும். அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, வியத்மக என்ற அமைப்பின் பெயரில் படித்தவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு ஆட்சிக்கு வந்தவர். பத்து வருடத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்றுதான் அவருடைய தேர்தல் விஞ்ஞாபனமே சொன்னது. ஆனால் 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதி நின்றது. இப்படித் திடீரென்று நிறுத்தினால் விளைச்சல் விழும் என்று பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாகவே சொன்னார். விவசாய அமைச்சின் குழுக்களில் இருந்து அவரைத் தூக்கினார்கள். உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று எச்சரித்த அமைச்சின் செயலாளர் உதித் ஜயசிங்கவுக்கும் அந்த டிசம்பரில் அதே கதிதான். தடையை ஆதரித்துப் பேசியவர்களில் அரச வைத்தியர் சங்கத் தலைவரும் ஒருவர். (வேளாண்மைக்கு ஊசி போடப் போகிறார்களா என்று அப்போது கேட்கத் தோன்றியது.)

அந்தப் பெரும்போகத்தில் தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பயிர் மட்டம் வெடித்துத் தூர் கட்டுகிற நேரத்தில் இலை மஞ்சளாகிக் கிடந்தது. கமநல சேவை நிலையத்தில் யூரியா கேட்டுப் போனவர்களுக்கு நானோ திரவ உரத்தைப் பற்றி விளக்கம் கிடைத்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். சரி, நீக்கி என்ன? உரம் வாங்க டொலர் எங்கே இருந்தது?

தலைவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கணக்கு பிழைத்தால் ஆலோசகர் விரிவுரை மண்டபத்துக்குத் திரும்பிவிடலாம், சனத்தின் ஏச்சை வாங்குவது தலைவர். 2022 மே மாதம் பிரதமர் பதவியை விட்டு விலகிய மஹிந்த ராஜபக்ச எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள் வந்து இருந்தபோது, வெளியே கூடியவர்கள் அவருக்கு யார் ஆலோசனை சொன்னார்கள் என்று கேட்கவில்லையே.

இன்னொரு சிக்கல், ஆலோசகருக்கும் அமைச்சருக்கும் நடுவே வருவது. பிரித்தானியாவில் 1989 இல் மார்கரெட் தாட்சரின் ஆலோசகர் அலன் வோல்டர்ஸ் ஒரு பக்கம் இழுக்க, நிதியமைச்சர் நைஜல் லோசன் மறுபக்கம் இழுத்தார். கடைசியில் ஒரே நாளில் இருவரும் போனார்கள். துறையைச் சுமக்கிறவர் ஒருவர், தலைவரின் காதில் பேசுகிறவர் வேறொருவர் என்றால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

மோதல் நடப்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மோதாமல் தலையாட்டியவர்கள்தான் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பொருளாதார நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ராஜபக்ச சகோதரர்களோடு நிற்கவில்லை. மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரையும், ஜனாதிபதியின் செயலாளராக இருந்த பி.பி. ஜயசுந்தரவையும் சேர்த்தே சொன்னது. அப்புறம் "மேலே சொன்னதைத்தானே நாங்கள் செய்தோம்" என்று எந்த அதிகாரி ஒதுங்க முடியும்?

ஆகவே ஆலோசனை வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும். முடிவு எடுத்த பிறகு அந்தத் தாள் எங்கள் கைக்கும் வர வேண்டும். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், முடிவெடுக்கப்படாத அமைச்சரவைப் பத்திரத்தைத் தர மறுக்க இடமுண்டு. முடிவெடுத்த பின் அந்தச் சாக்குச் செல்லாது. அடுத்த முறை உரத்திலோ மீன்பிடியிலோ எண்ணெய்க் குதங்களிலோ திடீர் அறிவிப்பு வந்தால், ஊர்வலத்துக்கு முன் விண்ணப்பம் ஒன்றை எழுதிப் போடுவோம். யார் வேண்டாம் என்று சொன்னார், அவரை எப்போது மாற்றினார்கள்? இந்த இரண்டு கேள்வியும் அதில் இருக்கட்டும்.