அந்த எலி வீடியோ: நானும் சொல்லிடறேன், அப்புறம் என்னைக் கேக்காதீங்க

நாலு நாளா இன்பாக்ஸ்ல அந்த வீடியோவையே அனுப்பிட்டு இருக்கீங்க. பாத்துட்டனுங்க, மூணு தடவ பாத்தேன். ஒரு பையன் அவன் வளக்கற பாம்போட தொட்டிக்குள்ள உசுரோட எலிய விட்டுட்டு, பின்னாடி ஒரு பாட்டையும் போட்டிருக்கான், எல்லாரும் சிரிக்கறாங்க, ஆனா கடைசி பத்து செகண்டுல அந்தப் பாம்பு தலைய உள்ள இழுத்துச் சுருண்டத ஒருத்தரும் பாக்கல. அது வேட்டைக்கு ரெடியாகறது இல்லீங்க, பயம். பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கறதாலதான் அதுக்கு பால் (ball) பைத்தான்னே பேரு. (எங்க தெருவுல ஒரு அக்கா, பால் குடிக்கற பாம்புன்னு நெனச்சு ஆடி வெள்ளிக்கு அரை லிட்டர் பாக்கெட்டோட வந்துட்டாங்க, அது தனிக்கதை.)

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. செத்த எலியக் குடுங்க. ஃப்ரோசன் எலிய முந்தின நாளே ஃப்ரிட்ஜ்ல எறக்கி வெச்சா ஐஸ் விட்டுரும், அப்புறம் கவர்ல போட்டு சுடுதண்ணில முக்குங்க, தொட்டா வெதுவெதுன்னு இருக்கோணும். பைத்தானுக்கு மேலுதட்டுல வரிசையாக் குழி இருக்குது, அதுலதான் சூட்டை உணரும். எலி தலை சூடா இருந்தா, இடுக்கில புடிச்சு லேசா ஆட்டுனாலே அடிச்சு வாங்கிக்கும்.

"இயற்கைல உசுரோடதான ப்ரோ திங்குது." சரிங்க ப்ரோ, இயற்கைல உங்க நாலடி கண்ணாடித் தொட்டி எங்க இருக்குது? எங்க அப்பாரு தோட்டத்துல சாரைப்பாம்பு எலி புடிக்கறத சின்ன வயசுலயே பாத்தவன் நான், அடிக்க வந்தவங்களை அப்பாரு மம்பட்டியோட தொரத்துவாரு. அந்தச் சாரைக்குப் பசியில்லீனா கரும்புக்குள்ள போயிரும், எலியும் வளைக்குள்ள பூந்துக்கும். தொட்டிக்குள்ள ரெண்டுக்கும் போக்கிடம் இல்ல. பாம்புக்குப் பசிக்கலீனாலும் ராத்திரி எலிக்குப் பசிக்குமுங்க. அது கடிக்கும்.

எப்படித் தெரியும்னு கேட்டீங்கல்ல? 2019 மார்கழி. குளுருக்கு எங்க வீட்டு பால் பைத்தான் சின்னான் மூணு வாரமா எதையும் தொடல. விடிகாலைல ஒறம்பரை வீட்டு சீருக்குப் போகோணும், எலிய உள்ள விட்டுட்டு, திங்கறப்பத் திங்கட்டும்னு படுத்துட்டேன். காலைல பாத்தா முதுகுல ரெண்டு ரூபா காசு அகலத்துக்குத் தோலே இல்ல, சதை தெரியுது. எலி மூலைல உக்காந்து ரெண்டு கையிலயும் மூஞ்சியத் தொடச்சிட்டு இருக்குது. பாம்பு கத்தாதுங்க. கத்தியிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன். சீருக்கும் போகல. நாய் பூனை மட்டுந்தான் பாப்போம்னு மூணு எடத்துல திருப்பி விட்டாங்க, நாலாவது டாக்டர் பாத்தாரு, ரெண்டு மாசம் மருந்து போட்டேன். இன்னிக்கும் ஒவ்வொரு தடவ தோல் உரிக்கறப்பவும் அந்தத் தழும்புகிட்டத்தான் ஒட்டிக்கும்.

"ஐஸ் எலில சத்து இருக்காது"னு ஒருத்தரு. உக்கடம் மீன் மார்க்கெட்ல ஞாயித்துக்கிழமை வரிசைல நின்னு என்னத்தீங்க வாங்கறீங்க? ஐஸ்ல வெச்சதத்தான? மீனு என்ன நொய்யல் ஆத்துல இருந்து துள்ளிட்டா வருது?

"சில பாம்பு செத்தத தொடாது." ஆமாங்க, தொடாது. சின்னானே அஞ்சு மாசம் இழுத்தடிச்சான். பொறுமையாப் பழக்குங்க, வேறென்ன.

எலிய ஃப்ரிட்ஜ்ல வெச்சா வீட்ல சண்டை வராதான்னா வரும். "மாவு போசிக்குப் பக்கத்துல எலியா"னு எங்க வீட்டம்மா ஒரு வாரம் பேசல, நியாயந்தான், செகண்ட் ஹேண்ட்ல தனி ஃப்ரீசர் வாங்குனேன். கரண்ட் போயி ஐஸ் விட்டுப்போன எலிய மறுபடி உறைய வெக்கறது இல்ல, மொத்தமாப் பொதைச்சிருவேன்.

அப்புறம் "சட்டவிரோதமா பாம்பு வெச்சிருக்கறவன் பேசறான்"னு போட்டவருக்கு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம்மூரு சாரையோ மலைப்பாம்போ வீட்ல வெக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். சின்னான் ஆப்பிரிக்க ஜாதி, வெளிநாட்டு ஜாதிகளைப் பதியற மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிஞ்சாச்சு. உங்க ஆளு பதிஞ்சாரான்னு கேட்டுச் சொல்லுங்க.

லைக்குக்கு அலையறேன், பொறாமைன்னுகூட எழுதிட்டீங்க. பரவால்ல. அந்த வீடியோ போட்ட பையன் எங்க வீட்டுத் திண்ணைலதான் பாம்பை எப்படித் தூக்கறதுன்னே கத்துக்கிட்டான், சின்னான் தழும்பைத் தடவிப் பாத்துட்டு "பாவம்ணா"ன்னான். இப்ப என்னை பிளாக் பண்ணிட்டான், நான் போட்ட கமெண்ட்டு அப்படி, ஒத்துக்கறேன், எல்லாரு முன்னாடியும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

யாராச்சும் அவன்கிட்ட இதை மட்டும் சொல்லிருங்க. பாம்பு முதுகுல எலியோட பல்லுத்தடம் இருந்தா தொட்டில போட்டிருக்கற மரத்தூளை எடுத்துட்டு வெறும் டிஷ்யூ பேப்பர் விரிக்கச் சொல்லுங்க, காயத்துல தூள் ஒட்டுச்சுன்னா சீழ் வெச்சுரும். டாக்டர் நம்பர் எங்கிட்ட இருக்குது.