பூ மட்டும் போதாது, இலையும் வேண்டும்
"பூக்கிற எந்தச் செடியை வைத்தாலும் பட்டாம்பூச்சி வரும், உள்நாட்டுச் செடிதான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை" என்கிறது பட்டாம்பூச்சித் தோட்டம் பற்றிய இந்தக் கட்டுரை. வரும்தான், ஆனால் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட அதற்குப் பூ உதவாது, தன் புழு தின்னக்கூடிய இலை வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் கொல்லையில் ஒரு வைல்ட் பீச் மரம் நிற்கிறது. கடையில் வாங்கும் பீச்சுக்கும் இதற்கும் உறவு கிடையாது, இந்த மண்ணின் மரம். கார்டன் அக்ரேயா என்ற செம்மஞ்சள் பட்டாம்பூச்சி இதன் இலையைத் தேடி வந்து கொத்துக் கொத்தாக முட்டையிடும். உடம்பெல்லாம் முள்ளாகக் கறுத்த புழுக்கள் சில வருஷம் மரத்தையே மொட்டையடித்துவிட்டு, சுவரில் ஏறிக் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொள்ளும். மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் இந்தப் புழுக்களுக்கு மருந்தடிக்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம் ஐயா, மரம் தானாகவே மறுபடி துளிர்க்கும். இலையின் நஞ்சு புழுவிலும் இருப்பதால் பல பறவைகள் அதைத் தொடாது, ஆனால் டீடெரிக் குயிலுக்கு அதுதான் விருந்து. மருந்தடித்தால் குயிலும் வராது. இன்னொன்று, கட்டுரை பரிந்துரைக்கும் உண்ணிச்செடி (லன்டானா) தென்னாப்பிரிக்க விதிகளின்படி 1பி பட்டியலில், அதாவது கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டியவை என்ற பட்டியலில், உள்ள அந்நியக் களை, இங்கே வளர்க்கவே கூடாது. அந்த வரியை ஆசிரியர் குழு நீக்க வேண்டும். வைல்ட் பீச் வைக்க நினைப்பவர்கள் சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள், நன்றாக உயர்ந்து படரும்.