கே.பி.எஸ். வெறும் வெள்ளைப் புடவை இல்லைங்க

ஞாயித்துக்கிழமை நடந்த கே.பி. சுந்தராம்பாள் விழாவைப் பத்தி எதுவும் எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். அங்க ஒரு ஐயா பேசின வீடியோ எல்லா குரூப்லயும் சுத்தி, "அருமையான பேச்சு, கண்ணுல தண்ணி வந்துருச்சு"ன்னு சொந்தக்காரங்களே அனுப்ப ஆரம்பிச்ச பிறகு பொறுக்க முடியல.

பார்த்தவங்களுக்குத் தெரியும். நாடகத்துலயும் சினிமாவுலயும் பாடி நடிச்ச கொடுமுடி சுந்தராம்பாளைப் பத்திப் பேசக் கூப்பிட்ட மேடையில முக்கால்வாசி நேரம் அவங்க கணவர், நாடக நடிகர் கிட்டப்பா. மீதி நேரம் அவர் போன பிறகு அவங்க உடுத்தின வெள்ளைப் புடவை. "கணவனுக்காகவே வாழ்ந்த தெய்வம்"னு அந்த ஐயா முடிச்சப்போ மண்டபமே கைதட்டுச்சு. பேனர்லயும் ஔவைப் பாட்டி வேஷம் மட்டும்தான்.

ஏனுங்க, கிட்டப்பா காலமானது 1933 டிசம்பர். அந்தம்மாவுக்கு அப்போ 25 வயசு. அவங்க போனது 1980-ல. நடுவுல 47 வருஷம் இருக்குதுங்களே, அதுல அவங்க என்ன பண்ணாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வேலை பார்த்தாங்க. அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போறேன். வேலை பார்த்தாங்க.

சின்னப் பிள்ளையிலேயே வேலு நாயர் கம்பெனியில நாடகத்துக்குப் போனவங்க. மைக் இல்லாத மேடை. கொட்டகையில கடைசி வரிசையில மண்ணுல உக்காந்திருக்கிறவனுக்கும் பாட்டுல ஒரு எழுத்து விடாம கேக்கணும். வெவ்வேற நடிகர்களை ஒரு நாளைக்குன்னு சேத்துப் போடற ஸ்பெஷல் நாடகத்துல எதிர்ல நிக்கிறவர் ஒரு அடி ஏத்திப் பாடினா, அங்கேயே அதுக்கு மேல ஏறிப் பதில் பாடணும். கிட்டப்பாவுக்கு ஈடு கொடுத்து நின்ன குரல் அது. அவரைச் சந்திக்கிறதுக்கு முன்னாலயே இலங்கை வரைக்கும் பேர் வாங்கின குரல். கிட்டப்பாவால வந்த பேர் இல்லைங்க அது.

அப்புறம் 1935. சிவபக்தர் நந்தனாரைப் பத்தின 'நந்தனார்' படம். ஒரு லட்ச ரூபாய் சம்பளம். நடிக்க இஷ்டமில்லாம, கேட்டா படம் எடுக்கிறவங்க ஓடிப்போயிருவாங்கன்னு இவங்க சொன்ன தொகைன்னு சொல்லுவாங்க, படம் எடுக்கிறவங்க சரின்னுட்டாங்க. இனி எந்த ஆணோடவும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு முடிவு பண்ணியிருந்த பொம்பளை, கதாநாயகன் வேஷத்தையே எடுத்துக்கிட்டாங்க. நந்தனாரே அவங்கதான். நந்தனாரோட பண்ணையார் வேதியரா வந்தது மகாராஜபுரம் விஸ்வநாதய்யர், எவ்வளவு பெரிய வித்வான்! இரவல் குரல் பழக்கத்துக்கு வராத காலம் அது. கேமரா முன்னால நடிச்சுக்கிட்டே பாடணும், தப்பினா மறுபடியும் முதல்ல இருந்து. படத்தைக் கல்கி கடுமையா விமர்சனம் பண்ணினார். அதுக்காக யாரும் முடங்கிப் போகல. 1940-ல 'மணிமேகலை', 1953-ல ஜெமினி ஸ்டூடியோ எடுத்த 'ஔவையார்', 1964-ல 'பூம்புகார்'ல கவுந்தியடிகள், அடுத்த வருஷமே 'திருவிளையாடல்', 1973-ல 'காரைக்கால் அம்மையார்'. கணக்குப் பாருங்க. ஜோடியே இல்லாம, காதல் காட்சியே இல்லாம, ஒரு பொண்ணு தமிழ் சினிமாவுல கிட்டத்தட்ட நாப்பது வருஷம் நிலைச்சு நின்னிருக்கா. சினிமாவோட நிபந்தனைக்கு அவங்க போகல. அவங்க நிபந்தனைக்குள்ள சினிமாவை வர வெச்சாங்க. இதைச் சொல்றதுக்கு அந்த மேடையில ரெண்டு நிமிஷம் கிடைக்கலையா?

"அவங்களே விரும்பி உடுத்தின வெள்ளைப் புடவைதானே, அதைச் சொன்னா உனக்கு என்ன?"ன்னு கேப்பீங்க. ஆமாங்க, அவங்க விரும்பித்தான் உடுத்தினாங்க. அந்த அன்பை நான் சின்னதாச் சொல்லல. பிரிஞ்சிருந்தப்போ கிட்டப்பாவுக்கு எழுதின கடிதங்களைப் படிச்சிருக்கேன், படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. ஆனா அதே கடிதங்கள்ல அழுகையை விட ரோஷம் அதிகம். அந்த ரோஷக்காரியை விட்டுட்டு அழுகையை மட்டும் ஏன் எடுத்துக்கிறீங்க?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, எங்க அம்மிச்சி, எங்கம்மாவைப் பெத்தவங்க. அப்பிச்சி போனப்போ அம்மிச்சிக்கும் சின்ன வயசுதான். அன்னையில இருந்து வெள்ளைச் சீலை. காடு முழுக்க மஞ்சள். வேக வெச்சு, காயப் போட்டு, வண்டி ஏத்தி ஈரோடு மண்டிக்கு அவங்களே கொண்டு போவாங்க. ஒருக்கா நானும் கூடப் போனேன். வியாபாரி தட்டத்தை மேலாக்கப் பாத்துட்டு ஒரு விலை சொன்னார். அம்மிச்சி பேசவே இல்ல. ஒரு விரலி மஞ்சளை எடுத்து 'டக்'குன்னு ஒடிச்சு, உள்பக்கத்தை அவர் முகத்துக்கு நேரா நீட்டினாங்க. ரத்தச் செவப்புல இருந்துச்சு. "இதைப் பாத்துட்டு சொல்லுங்க"ன்னாங்க. விலை ஏறுச்சு. அந்தக் காசுலதான் கிணறு வெட்டினாங்க, எங்கம்மாவைக் கட்டிக் கொடுத்தாங்க, மாமனைப் படிக்க வெச்சாங்க.

அம்மிச்சி போனப்போ ஊருல பேசினது என்ன தெரியுமா? "புருஷன் போன நாள்ல இருந்து தலையில பூ வெச்சதில்ல, மகராசி." ஒவ்வொருத்தரும் அதைத்தான் சொன்னாங்க. கிணத்தைப் பத்தி ஒருத்தர் வாய் திறக்கல. அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சவங்க கூட.

ஞாயித்துக்கிழமை அந்தக் கைதட்டலைக் கேட்டப்போ எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்துச்சு.

"சினிமாக்காரியோட சம்பளத்தைப் பேசறது ஒரு பெருமையா?"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருக்கார். பெருமைதாங்கண்ணா. ஹீரோவுக்கு எத்தனை கோடின்னு டீக்கடையில மணிக்கணக்காப் பேசற நாமதான், நம்ம ஊருப் பொண்ணு 1935-ல லட்ச ரூபாய் வாங்கினான்னு சொன்னா முகத்தைச் சுளிக்கிறோம். அவங்க இனிஷியல்ல கே கொடுமுடி, பி பாலாம்பாள், அவங்க அம்மா. ஊரையும் பெத்தவளையும் தலையில சுமந்துக்கிட்டு மெட்ராஸ் வரைக்கும் போனவங்க. காங்கிரஸ் மேடைகள்ல பாடிக் கூட்டம் சேத்தவங்க. ஐம்பதுகள்ல சட்ட மேலவை உறுப்பினர். இன்னைக்கு சினிமாவுல இருந்து அரசியலுக்கு வர்றவங்களைப் பத்தி எத்தனை பேச்சு! அந்த வாசப்படியை முதல்ல மிதிச்சது கொடுமுடிக்காரி. அறுபது வயசுக்கு மேல 'துணைவன்' படத்துல பாடினதுக்காகத் தேசிய விருது, 1970-ல பத்மஸ்ரீ. எது விட்டுப்போச்சுன்னு அந்த ஐயா தேடவே வேண்டாம், எல்லாமே விட்டுப்போச்சு.

"நல்லதுதானே சொன்னாரு, ஏன் குறை சொல்றே?"ன்னு கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. பொம்பளையைத் தெய்வமாக்கிட்டா அவ பட்ட பாட்டைப் பேச வேண்டியதில்லைன்னு நினைக்கிற நல்லது எங்களுக்கு வேண்டாம்.

ஔவை வேஷம் பெருசில்லையான்னா, ரொம்பப் பெருசு. ஆனா பேனர் அடிக்கிறவங்க நந்தனார் படத்தையும் பக்கத்துல போடுங்க. தேடினாக் கிடைக்கும்.

எங்க ஊர் நூலகத்துல அடுத்த மாசம் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க, தலைப்பு நானே வெச்சுக்கலாமாம். கே.பி.எஸ்.தான். நாடகக் கொட்டகையில இருந்து ஆரம்பிக்கிறேன், பாட்டைப் போட்டுக் காட்டறேன், கிட்டப்பா வர வேண்டிய இடத்துல வருவார். அந்த ஐயாவுக்கும் அழைப்பு அனுப்பச் சொல்லியிருக்கேன்.