503

மூன்று யூனிட். வெறும் மூன்று யூனிட். 2023 மே மாதத்துக் கணக்கு இது, வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டுகிற யாருக்கும் 500 என்ற எண்ணைச் சொன்னால் போதும், முகம் மாறிவிடும். கட்டாதவர்கள், அதாவது இன்னும் அப்பா கட்டிக்கொண்டிருக்கிற பாக்கியவான்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். அப்போது முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் ஏற்றிய கட்டணப்படி, 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டேகால் ரூபாய். 500-ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டுக்கு நாலரை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூட வாங்கினால் சரி என்று விட்டுவிடலாம். இது சாப்பிட்டுக் கைகழுவிய இட்லிக்கும் சேர்த்து விலையேற்றுகிற வேலை. 500 வந்திருந்தால் 1,725 ரூபாய். எனக்கு வந்தது 503. ரூபாய் 1,974. மூன்று யூனிட்டுக்கு 249 ரூபாய். யூனிட்டுக்கு 83!

இதைக் கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி. கல்லூரியில் இதே நேரத்துக்கு ஈசிஆரில் பைக்கில் போய்க்கொண்டிருந்தவன் நான்.

சரி, யார் அந்த மூன்று யூனிட்? என் மச்சினன். 21 வயது. இன்டர்ன்ஷிப் என்று வந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் ஏசியை 18-இல் வைத்துவிட்டுக் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான். 2020-க்குப் பிறகு வருகிற ஏசிகளை ஆன் பண்ணினாலே 24-இல் நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படியானால் 18-க்குக் கொண்டுவர பட்டனை ஆறு முறை அமுக்க வேண்டும். ஆறு முறை! இது தெரியாமல் நடந்த பிழை இல்லை, ஐயா.

ஒருநாள் காலை பத்து மணி. அவன் குளிக்கப் போயிருக்கிறான், ஆளில்லாத அறையில் ஏசி ஓடுகிறது, போதாததற்கு ஃபேனும். அவன் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்ததும் என் வாயிலிருந்து அது வந்தது. நான் சொல்லவில்லை, அது வந்தது. 12 வயதில் நான் கும்பகோணத்து வீட்டில் தினமும் கேட்ட அதே வரி, என் அப்பாவின் அதே குரல், அதே இழுவை.

"ஏண்டா, கரண்ட் பில்லை உங்கப்பனா வந்து கட்டுவான்?"

அவங்கப்பன் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். பையனைப் பார்க்க முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மட்டும் முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார். அடுப்படியில் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எப்படி இப்படி ஆனேன்? 18 வயதில் ஓட்டு, 21 ஆனால் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் சட்டத்தில் வயது இருக்கிறது. எந்த வயதிலிருந்து போகிற வழியில் ஸ்விட்சை அணைத்துக்கொண்டே போக வேண்டும் என்று எவனும் எழுதிவைக்கவில்லை. அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறிக்கிறேன். குக்கர் கேஸ்கட் போன மாதத்தில் மனசே சரியில்லை. மாடிவீட்டுச் சிறுவன் "அங்கிள், பந்து" என்று கத்தியபோது அந்த அங்கிள் யார் என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் சுவர். இதில் கேவலம் என்னவென்றால், நன்றாகப் பிழிகிற ஒரு மாப் கிடைத்த அன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இரண்டு பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நாளைக்கு எனக்கென்று தனி வீடு வந்தால் எல்லா லைட்டையும் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் படுப்பேன் என்று அப்பாவிடம் சவால் விட்டவன் நான். இப்போது அந்த வீட்டில் பாத்ரூம் லைட் எரிந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அன்று ராத்திரி மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹால் இருட்டாக இருந்தது, ஃபேன்கூட ஓடவில்லை. வாசல் கதவு திறந்திருந்தது. மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி முன்னால் பனியனோடு அவர் நின்றுகொண்டிருந்தார், கையில் செல்போன் டார்ச்.

"மாப்ள, போன ரீடிங் எவ்வளவு? கார்டை எடுத்துட்டு வாங்க."